சங்குமுனையில் இறங்கிய சீராக்கி

கப்பலிலிருந்து அந்தப் பெட்டி சங்குமுனைத் துறைமுகத்தில் இறங்கிய அன்று ஊரில் காற்று நின்றது, அலைகள் எல்லாம் மணலில் ஒரே கோட்டில் வந்து நின்று திரும்பின, அடுப்பில் வைத்த பால் பாத்திரத்தின் விளிம்பு வரை ஏறி அங்கேயே நின்றது. சங்குமுனைக்காரர்கள் கடலைப் பார்த்துப் பிறந்தவர்கள், அதனால் எதற்கும் சட்டென்று வாய் பிளக்க மாட்டார்கள். காற்று நின்றால் திரும்ப வரும் என்றார்கள், பால் வழியவில்லையென்றால் நல்லதுதானே என்றார்கள், அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பெட்டி ஆள் உயரம் இருந்தது. பச்சை வர்ணம் அடித்த இரும்பு, சுற்றிலும் மரச்சட்டம். ஐஸ் ஃபேக்டரி ரெமிஜியுஸ் வரவழைத்தது. சங்குமுனையில் மின்சாரம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து அவருடைய மோட்டார்களை வருஷத்துக்கு ஒருமுறை எரித்துக்கொண்டிருந்ததால், எங்கோ குளிர் தேசத்திலிருந்து அதை எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார். வந்த காகிதங்களில் அதை மின்மாற்றி என்று போட்டிருந்தார்கள். அங்கேதான் விஷயம் நின்றது, ஏனென்றால் அந்தக் காகிதங்கள் சுங்க அலுவலகத்தில் செண்பகவல்லியின் மேசைக்கு வந்தன.

செண்பகவல்லி அங்கே அப்ரைசர். வருகிற சரக்கு எந்த இனத்தைச் சேர்ந்தது, எந்தத் தலைப்பில் எவ்வளவு தீர்வை என்று முடிவு செய்கிற வேலை. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனுஷி. சாப்பிடும்போது நடப்பாள், போனில் பேசும்போது நடப்பாள், கோப்பைப் படிக்கும்போதும் கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் இடையே உள்ள சரளைப் பாதையில் நடந்துகொண்டே படிப்பாள், காவலாளிகள் அவள் வருவதைச் செருப்புச் சத்தத்திலேயே அறிவார்கள். புருஷன் இறந்த பிறகு மகள் ஆவுடைச்செல்வியை ஒற்றையாக வளர்த்து, மஸ்கட்டில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்து, இப்போது பிரசவத்துக்கு வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வீட்டில் இருந்தால் தாய்க்கு உட்கார ஏது நேரம் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

காகிதத்தைப் பார்த்ததும் இது மின்மாற்றிதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பெட்டியைச் சுங்கக் கிடங்கில் வைக்கச் சொன்னாள். மரச்சட்டம் கூடப் பிரிக்காமல், ஒரு ஒயர் கூடப் பொருத்தாமல், பெட்டி கிடங்கின் வடக்கு மூலையில் நின்றது. அங்கே நின்றபடியே ஊர் முழுவதையும் அது சீராக்கத் தொடங்கியது.

முதலில் மின்சாரம். மினுக்மினுக்கென்று எரிந்த தெருவிளக்குகள் ஒரே வெளிச்சமாய் எரிந்தன, மிக்ஸிகள் அலறுவதை விட்டன. பிறகு மற்றதெல்லாம். மீன் ஏலத்தில் கூவுகிறவர்கள் பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில் விலை சொன்னார்கள், மாதா கோயில் மணியும் அம்மன் கோயில் மேளமும் ஒரே அளவில் ஒலித்தன, நாய்கள் குரைத்தால் இருமுவது போல இருந்தது, குடித்துவிட்டு வருகிறவர்கள் நேரே நடந்து வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள், எல்லைச் சுவருக்காகத் தலைமுறையாக வெட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் அந்தச் சுவரின் இருபுறமும் நின்று மழையைப் பற்றிப் பேசின. ஒரு கல்யாணம் நடந்தது, யாரும் பல் தெரியச் சிரிக்கவில்லை. ஒரு சாவுவீட்டில் ஒப்பாரி வைக்க உட்கார்ந்த பெண்கள் தொண்டை வரை வந்த அழுகை அங்கேயே நின்றுவிட, காய்கறி விலை பேசிவிட்டு எழுந்து போனார்கள். எல்லோருக்கும் தும்மல் வந்து வராமல் போனது போல மூக்கின் நுனியில் ஏதோ ஒன்று நின்றது, ஆனால் அதைப் பற்றி வருத்தப்படவும் ஒரு அளவுக்கு மேல் முடியவில்லை.

காரணம் கிடங்கில் இருக்கிற பெட்டிதான் என்று ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், எல்லோருக்கும் தெரிந்தது என்பதுதான் பதில். யாரோ கிடங்கின் கதவில் எலுமிச்சம்பழம் குத்தினார்கள், யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முடிதிருத்துகிற கடையில், ரேஷன் வரிசையில், வலை பின்னுகிற இடத்தில், எல்லா இடத்திலும் பெட்டி எந்த அத்தியாயத்தில் வரும் என்பதே பேச்சாகிவிட்டது. மின்மாற்றி என்றால் தீர்வை அட்டவணையில் எண்பத்தைந்தாம் அத்தியாயம். தானாக இயங்கும் சீராக்கி என்றால் தொண்ணூறாம் அத்தியாயம். ஊர் எண்பத்தஞ்சுக்காரர்கள் என்றும் தொண்ணூறுக்காரர்கள் என்றும் இரண்டாகப் பிரிந்தது, இரண்டு கட்சியும் மாலையில் ஆற்றுப்பாலத்தடியில் கூடி ஒரே சத்தத்தில் வாதாடி, யாருக்கும் முகம் சிவக்காமல் வீட்டுக்குப் போனது.

துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருந்த பிரகாசிதான் செண்பகவல்லியிடம் நேராகக் கேட்டாள்.

"அப்படி என்னம்மா வித்தியாசம், ரெண்டுக்கும்?"

செண்பகவல்லி கடையைச் சுற்றி நடந்தபடி டீயைக் குடித்தாள். "மின்மாற்றின்னா வந்ததை மாத்திக் கொடுக்கும் பிரகாசி, அவ்வளவுதான் அதுக்கு வேலை. கொடுத்த பிறகு என்ன ஆச்சுன்னு திரும்பிப் பார்க்காது. சீராக்கி திரும்பிப் பார்க்கும். அளக்கும். தனக்கு இன்ன அளவுன்னு சொல்லி வச்சிருப்பாங்கள்ல, அதோட ஒப்பிட்டுப் பார்க்கும். கூடினதை வெட்டும், குறைஞ்சதை நிரப்பும். அளக்கது, ஒப்பிடுதது, திருத்துதது. இந்த மூணும் உள்ளே இருந்தாத்தான் தொண்ணூறு."

"யார் சொல்லி வச்ச அளவு?"

"அதைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"திறக்காதீங்க," என்றாள் பிரகாசி, சாதாரணமாக, கிளாஸைக் கழுவிக்கொண்டே. அவள் தோளில் பழைய காயம் ஒன்று பழுப்பாகி ஆறிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சூசைக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுப்பான் என்பது துறைமுகம் முழுக்கத் தெரிந்த விஷயம். "பெட்டி வந்ததிலேர்ந்து அவர் கை ஓங்கலை. ஓங்குதார், பாதியில நிக்குது, தலையைச் சொறிஞ்சிக்கிட்டுப் போயிருதார். அது எண்பத்தஞ்சோ தொண்ணூறோ, அங்கேயே கெடக்கட்டும்."

செண்பகவல்லிக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை, அதை இவளிடம் எப்படிச் சொல்வது? கால்கள் பழையபடிதான் நடந்தன, ஆனால் நடந்து தீரவில்லை. முன்பெல்லாம் நடந்தால் உள்ளே இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இப்போது இறங்காமல், ஏறவும் ஏறாமல், நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒரு மட்டத்தில் நின்று ரீங்கரித்தது.

உதவி ஆணையர் திருவேங்கடத்திடம் கோப்பைக் கொண்டுபோனாள். அவர் கும்பகோணத்துக்காரர், இரத்த அழுத்தத்துக்கு மூன்று வேளை மாத்திரை போடுகிறவர். பெட்டி வந்ததிலிருந்து மாத்திரையை நிறுத்தியிருந்தார்.

"சோதனைக்குத் திறக்க உத்தரவு வேணும் சார்."

"அவசரம் என்ன செண்பகவல்லி? இன்னொரு விளக்கம் கேட்டு எழுதுங்களேன்."

"கேட்டாச்சு சார். பதிலும் வந்தாச்சு."

"அந்தப் பதிலுக்கு விளக்கம் கேளுங்க." மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "திறந்து, அது மின்சாரத்தை மட்டும் சீராக்கலை, மனுஷன் அழுகையையும் சேர்த்துத்தான் சீராக்குதுன்னு தெரிஞ்சா எந்தத் தலைப்புல போடுவீங்க? நம்ம அட்டவணையில அழுகைக்கு இடம் இருக்கா?"

கோப்பு திரும்பி வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. ரெமிஜியுஸ் கூட அவசரப்படவில்லை. மின்சாரம்தான் ஒழுங்காகிவிட்டதே, பெட்டி கிடங்கில் இருந்தால் என்ன, ஃபேக்டரியில் இருந்தால் என்ன என்றார். இப்படி ஊரே பெட்டிக்கு இடம் கொடுத்து உட்கார்ந்துவிட்டிருந்தபோதுதான் நர்ஸ் ஜெசிந்தா ஒரு விஷயத்தைக் கவனித்தாள். பெட்டி வந்ததிலிருந்து சங்குமுனையில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை.

வலி வரும், ஒரு அளவுக்கு ஏறும், அங்கே நிற்கும். நாள் தாண்டிய பெண்கள் அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டே சீரியல் கதை பேசினார்கள். டாக்டர் வந்து பார்த்தார், குழந்தையின் இதயத்துடிப்பு கடிகாரம் போல இருந்தது, தாயின் நாடி கடிகாரம் போல இருந்தது, கத்தியை எடுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் எல்லாம் சீராக இருக்கிறது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஊரில் எதுவும் அவசரமாக ஆகவே முடியவில்லை. ஒருத்தியை மட்டும் அவள் அண்ணன் காரில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோனான். ஆற்றுப்பாலம் வரைக்கும்தான் பெட்டியின் கை எட்டும். கார் பாலத்தின் அக்கரையைத் தொட்டதும், தேங்கிக் கிடந்த வலியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வலியாக வந்தது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. அவள் ஊருக்குத் திரும்பி வந்தபோது அழுகை வழியில் பாலத்திலேயே நின்றுபோயிருந்தது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு யாரும் பாலம் தாண்டவில்லை. அந்த வாரம் ஆவுடைச்செல்விக்கு வலி எடுத்தது.

காலையில் எடுத்த வலி மறுநாள் காலையிலும் அதே இடத்தில் நின்றது. செல்வி முழங்கையை ஜன்னல் கம்பியில் ஊன்றி நின்றாள், நெற்றியில் வியர்வை கூட இல்லை.

"எப்படி இருக்குடி?"

"அதே மாதிரிதான் இருக்கும்மா. பிள்ளை கதவைத் தட்டுது. தட்டிட்டு, யாரும் வரலைன்னு நிக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "எனக்குப் பயமா இருக்கணும்ல? பயம் வரமாட்டேங்குது. அதுதாம்மா எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

செண்பகவல்லி வீட்டுக்குள் நடந்தாள், முற்றத்தில் நடந்தாள், தெருவில் இறங்கித் துறைமுக வாசல் வரை நடந்தாள். பிரகாசி அவளைக் கண்டதும் அடுப்பைத் தணித்தாள். எதற்கு வருகிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"திறக்கப் போறீங்க."

"ஆமா."

"உங்களுக்குப் பிள்ளை. எனக்கு முதுகு," என்றாள் பிரகாசி. குரல் உயரவில்லை, உயர வழியில்லை. "அவருக்குள்ள இத்தனை நாளும் நின்னதெல்லாம் எங்கேம்மா போயிருக்கும்? எல்லாம் சேர்ந்துதான வரும். அந்தப் பாலத்துப் பொண்ணுக்கு வந்த மாதிரி."

செண்பகவல்லி அதை யோசிக்காமல் இல்லை. வழி நெடுக அதைத்தான் யோசித்து வந்தாள். "சேர்ந்து வராம பார்த்துக்கிடுதேன். கொஞ்சம் கொஞ்சமா விடுதேன், முடிஞ்ச வரைக்கும். நீ கடையைப் பூட்டிட்டு என் வீட்டுக்குப் போ. செல்வி பக்கத்துல இரு. ஜெசிந்தாவை வரச் சொல்லியிருக்கேன். நான் அங்கே இருக்க முடியாது பிரகாசி, என் மகளுக்கு ஒரு கை வேணும்."

பிரகாசி அடுப்புக் கரியைக் கிளறினாள். "கடைச் சாவி அவர்கிட்டதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு நடந்தாள்.

கிடங்கில் செண்பகவல்லியை யாரும் தடுக்கவில்லை. தடுக்கக் கோபம் வேண்டும். காவலாளி "வேண்டாமேம்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தான். திருவேங்கடம் ஜன்னல் வழியாகப் பார்த்தார், எழுந்து வரலாமா என்று நினைத்தார், உட்கார்ந்துவிட்டார். செண்பகவல்லிக்கும் வீரம் ஒன்றும் பொங்கவில்லை. சரக்கை வகைப்படுத்தச் சோதனை செய்ய வேண்டும், சோதனைக்குத் திறக்க வேண்டும், அது அவள் வேலை. ரெமிஜியுஸைச் சாட்சிக்கு வரவழைத்து, மரச்சட்டத்தைப் பிரித்து, இரும்புக் கதவின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

உள்ளே மூன்றும் இருந்தன. செம்புக் கம்பி சுற்றிய அளக்கிற சுருள். ஒப்பிடுகிற முள். திருத்துகிற கை, ஒரு பெரிய பல்சக்கரத்தோடு, முறுக்கேற்றிய சுருள்வில்லில் பூட்டியிருந்தது. வில் இறுகி இறுகி இழுபட்டிருந்தது, ஊரிலிருந்து வெட்டி எடுத்த அத்தனையும் அதில்தான் ஏறியிருந்தது. முள்ளின் மேல் அரக்கு முத்திரை, அதன் அடியில் அந்நிய எழுத்தில் ஒரு சொல். அப்படி எத்தனையோ தகடுகளை அவள் பார்த்திருக்கிறாள். விரும்பும் அளவு என்று அர்த்தம். எந்த ஊரில், எந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியாமல் யார் அந்த முள்ளை அங்கே வைத்து அரக்கு ஊற்றினார்களோ.

"தொண்ணூறுதான்," என்றாள்.

"நானும் அதுதான் நினைச்சேன்," என்றார் ரெமிஜியுஸ்.

இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அரக்கை உடைத்தாள். சக்கரம் திமிறியது. விட்டால் ஒரே சுற்றில் எல்லாம் அவிழ்ந்துவிடும். இரண்டு கையாலும் பிடித்தாள், காலை அகட்டி ஊன்றினாள், ஒரு பல் விட்டாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது. முழுக் குரைப்பு. இன்னொரு பல். கிடங்கின் தகரம் படபடத்தது, காற்று.

அப்படி அவள் நின்றாள். பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் நிற்காதவள் அந்த மதியம் முழுக்க அசையாமல் நின்றாள், ஒவ்வொரு பல்லாக விட்டாள், ஒவ்வொரு பல்லுக்கும் ஊரில் ஏதோ ஒன்று திரும்பி வந்தது. மாதா கோயில் மணி தன் சத்தத்துக்கு ஏறியது, ஏலக்காரன் கூவினான், எல்லைச் சுவர்க்காரர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள், புதுமாப்பிள்ளை வீட்டில் யாரோ சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள், உயிர் போக முடியாமல் கட்டிலில் கிடந்த கிழவர் ஒருவர் பெருமூச்சு விட்டுப் போய்ச் சேர்ந்தார், அவர் மனைவி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பாலத்துப் பெண் வாசலில் எழுந்து நின்று போட்ட கூக்குரல் கடல் வரை கேட்டது. அந்தக் குரலில் செண்பகவல்லியின் கை நழுவிச் சக்கரம் பல பற்கள் உருண்டது. பல்லைக் கடித்து நிறுத்தினாள், உள்ளங்கை கிழிந்தது. ரெமிஜியுஸ் ஓடிவந்து பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், பிடித்தபடியே, இறந்துபோன தன் தம்பியை நினைத்து விம்மினார். அவளுக்கும் தன்னுடையது வந்தது. தேக்கி வைத்த நடையெல்லாம் தொடையில் ஏறி, ஓடு, வீட்டுக்கு ஓடு, மகளிடம் ஓடு என்று உதைத்தது. அவள் நகரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கமிருந்தும் தெருக்களிலிருந்தும் பெண்கள் அலறினார்கள், ஒன்று ஓய ஒன்று எழும்பியது, எந்தக் குரல் செல்வியுடையது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள், தெரியவில்லை, எல்லாம் அவள் குரலாகவே கேட்டது.

வில் தளர்ந்து சக்கரம் தானாக நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது.

திருவேங்கடம் முகம் சிவந்து ஓடிவந்தார். யாரைக் கேட்டுத் திறந்தீர்கள், வேலை போய்விடும், நான் யார் தெரியுமா என்று கத்தினார், கத்திக்கொண்டே சட்டைப்பையில் மாத்திரையைத் தேடினார். அவள் கிழிந்த கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, பெட்டியின் முதுகிலேயே காகிதத்தை வைத்து உத்தரவை எழுதினாள். தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி, தொண்ணூறாம் அத்தியாயம், முத்திரை சோதனையில் உடைக்கப்பட்டது, சரக்கை விடுவிக்கலாம். அவரிடம் நீட்டினாள். கத்துவதை நிறுத்தாமலேயே அவர் கையெழுத்துப் போட்டார். முள் தளர்ந்த அந்தப் பெட்டி பிறகு ஐஸ் ஃபேக்டரியில் ஒயரோடு நின்று, மின்சாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டது.

வீட்டுத் தெருவுக்கு அவள் ஓடி வந்தபோது அக்கம்பக்கம் எல்லாம் வாசலில் நின்றது. எதிர்ச்சாரியில் மின்கம்பத்தடியில் சூசை நின்றான். சட்டை கிழிந்திருந்தது, கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. உள்ளே ஜெசிந்தா துணியில் சுற்றி ஒரு பெண் குழந்தையை வைத்திருந்தாள். செல்வி தொண்டை கட்டிப்போய், தலைமுடி நனைந்து, உயிரோடு படுத்திருந்தாள். தாயைப் பார்த்ததும் அழுதாள். செண்பகவல்லி கட்டிலோரம் மண்டியிட்டு அவளோடு சேர்ந்து அழுதாள், ஒரு அளவும் இல்லாமல் அழுதாள்.

பிரகாசியின் உதடு வெடித்திருந்தது.

"வந்தாரா?"

"வந்தார். ஓங்கினார். இந்தத் தடவை பாதியில நிக்கலை." உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்குள்ளேயும் நின்னு கெடந்திருக்கும்மா. எத்தனை வருஷத்தது. எனக்கே தெரியலை. நானும் ஓங்கினேன். அதுக்குள்ள தலை தெரியுதுன்னு ஜெசிந்தா கூப்பிட்டாங்க. கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

"வலிக்குதா?"

"வலிக்குது."

பிரகாசி குழந்தையை ஒருமுறை குனிந்து பார்த்தாள், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள். செண்பகவல்லி பின்னாலேயே போய் வாசலில் நின்றாள்.

"கடைச் சாவியைக் குடும்," என்றாள் பிரகாசி. அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

சூசை தெருவைப் பார்த்தான். ஒருவரும் உள்ளே போகவில்லை. மடியிலிருந்து சாவியை எடுத்து அவள் காலடி மண்ணில் போட்டான்.

அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கையை நீட்டினாள்.

"கையில குடும்."

காற்று மணலை வாரி அடித்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். பிறகு குனிந்து எடுத்தான்.